தனியே சொன்ன ஆறுதல் ஏன் எடுபடவில்லை?

ஆறுதல் சொன்ன பிறகும் முகம் கொடுக்காத உங்கள் அலுவலகத் தோழிக்கு உண்மையான ஆதரவு தருவது எப்படி என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். அடுத்த முறை மேலாளர் அவருடைய தலைமுடியைப் பற்றிப் பேச்செடுத்தால், அதே கூட்டத்தில், அதே நிமிடத்தில், ‘முடிக்கும் இந்த வேலைக்கும் தொடர்பில்லையே, அறிக்கைக்கு வருவோம்’ என்று சொல்லிவிடுங்கள்; நீங்கள் கேட்ட ‘உண்மையான ஆதரவு’ அதுதான்.

உங்கள் கறுப்பினத் தோழி முகம் கொடுக்காததற்குக் காரணம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. கலிபோர்னியா அலுவலகத்தில், பத்துப் பேர் முன்னிலையில், அவருடைய பின்னல்கள் ‘வாடிக்கையாளரைச் சந்திக்க ஏற்றவை அல்ல’ என்று மேலாளர் சொன்னபோது வாய்மூடி இருந்துவிட்டு, பிறகு காபி இயந்திரத்தருகே ‘நான் நிறமே பார்ப்பதில்லை’ என்றீர்கள். தமக்கு நடந்ததையே நீங்கள் பார்க்கவில்லை என்றுதான் அது அவர் காதில் விழுந்திருக்கும்.

இது வெறும் நாகரிகக் குறைவும் அன்று. பின்னல், சடைத்திரி (திரிதிரியாக முறுக்கிய முடி) போன்ற முடியமைப்பைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதை, 2019இல் கிரவுன் சட்டத்தின் மூலம் முதலில் தடைசெய்த அமெரிக்க மாநிலமே கலிபோர்னியாதான்.

ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்: கடந்த சில கூட்டங்களில் அவர் சொன்ன யோசனையை வேறொருவர் திருப்பிச் சொன்னபோது, அது அவருடையது என்று ஒரு முறையாவது எடுத்துச் சொன்னீர்களா?

ஆனால் அவரைக் கேட்காமல் மனிதவளத் துறைக்குப் புகார் எழுதிவிடாதீர்கள். அதன் சுமை அவர் தலையில்தான் விழும். கண்டதைத் தேதியோடு குறித்துவைத்து, தேவைப்பட்டால் சாட்சி சொல்வேன் என்று மட்டும் தெரிவியுங்கள். பேசினால் விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று நீங்கள் எழுதிய பயம் எனக்கும் இருந்ததுதான். எனினும், கறுப்பின மக்கள் போராடிப் பெற்ற 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம், சாட்சி சொல்பவரைப் பழிவாங்குவதையும் தடுக்கிறது.