உவர் மண்ணும் உயர்தரப் பெறுபேறும்: வெள்ளவத்தைத் தாய் ஒருவருக்கு

அம்மா, மருத்துவத்துக்கு இசட் புள்ளி போதவில்லை, பிள்ளை இப்போது "உப்பு மண்ணில் பயிர் எப்படிப் பிழைக்கிறது என்று படிக்கப் போகிறேன்" என்கிறது, நம்பி விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடலாம். ஆனால் காலி வீதியில் "பயோடெக்னொலொஜி" என்ற விளம்பரப் பலகையைக் கண்டதும் போய்ப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

முதலில் பிள்ளை சொல்லும் விஷயம் என்னவென்று பார்ப்போம். தானியப் பயிர்களில் நெல்லுக்கு உப்பு ஆகவே ஆகாது. மண்ணில் எவ்வளவு உப்பு என்று காட்டும் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். வேர் நீரை உறிஞ்சச் சிரமப்படும். பிறகு சோடியம் இலையில் சேர்ந்து பொற்றாசியத்தின் வேலையைக் குழப்பும். செடியும் சும்மா இருப்பதில்லை, நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகளின் (ஜீன்களின்) செயற்பாட்டைக் கூட்டியும் குறைத்தும் தாக்குப்பிடிக்கப் பார்க்கும். கேரளக் கரையோரத்துப் பொக்காளி நெல்லில் முதலாம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) உப்பைத் தாங்க உதவும் 'சோல்ட்டோல்' என்றொரு பகுதி இருக்கிறது. வங்காளத்து நோனா பொக்ரா நெல்லில், அதே நிறமூர்த்தத்தில், எஸ்.கே.சி.1 என்ற பரம்பரையலகை 2005இல் சீன ஆய்வாளர்கள் பிரித்தறிந்தார்கள். அது உருவாக்கும் புரதம், வேரிலிருந்து நீரைக் கடத்தும் காழ் வழியே மேலே போகும் சோடியத்தை இலைக்குப் போய்ச் சேருமுன் திருப்பி எடுத்துவிடுகிறது. வேறு சில புரதங்கள் சோடியத்தைக் கலத்தின் உள்ளே பை போலிருக்கும் புன்வெற்றிடத்துக்குள் தள்ளிப் பூட்டிவைக்கும்.

ஒரு பரம்பரையலகைச் சேர்த்துவிட்டால் காரியம் முடிந்தது என்றால் இந்தத் துறையில் இவ்வளவு பேருக்கு வேலை இருக்காது. நாற்றுப் பருவத்தில் தாங்கும் நெல் பூக்கும் பருவத்தில் தாங்கும் என்று சொல்ல முடியாது, இரண்டுக்கும் வேறு வேறு பரம்பரையலகுகள். அதனால் இது பல வருட இனவிருத்தி வேலை, வெயிலும் சேறும் உண்டு. நம் நாட்டிலும் நடக்கிறது. அம்பலாந்தோட்டையில் உருவான ஏ.ரி. 354 உவரைத் தாங்கும் நெல். 2004 சுனாமிக்குப் பிறகு கடல்நீர் புகுந்த கிழக்கு வயல்களையும், யாழ்ப்பாணத்தில் உவராகும் கிணறுகளையும் நினைத்தால் தேவை எங்கே என்று உங்களுக்கே தெரியும்.

சரி, எங்கே படிப்பது? என் விருப்பம் விவசாய பீடம்: பேராதனை, கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக பீடம், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக பீடம். பிள்ளையைக் கொழும்பை விட்டு அனுப்ப மனமில்லையென்றால் கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் தாவரவியல் இருக்கிறது, அதுவும் நல்ல வழிதான். ஆனால் அரச திணைக்களப் பதவிகளுக்கு எந்தப் பட்டம் கேட்கிறார்கள் என்று பழைய வர்த்தமானி அறிவித்தல்களை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எங்கே போனாலும் புள்ளிவிபரவியலும் கொஞ்சம் கணினி நிரலாக்கமும் வேண்டும். தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளை என்பதால் ஆங்கிலத்தை இப்போதே தொடங்கட்டும்.

வருமானத்தைப் பற்றி ஒளிக்க எதுவும் இல்லை. அரச ஆராய்ச்சிப் பதவிகள் குறைவு, காத்திருக்க வேண்டும். ஆராய்ச்சியாளராக வருவதற்குப் பெரும்பாலும் கலாநிதிப் பட்டம் தேவை. ("டொக்டர்" என்ற பெயர் வரத்தான் போகிறது, கொஞ்சம் பிந்தி.) பிலிப்பைன்ஸின் லொஸ் பானோஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும், இந்தியாவின் கர்னாலில் மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிறுவனமும் இதே வேலையைச் செய்கின்றன. கலாநிதிப் படிப்புக்கு உதவித்தொகை கிடைக்கும் இடமாகத் தேடுங்கள், அதற்காக வீட்டை ஈடு வைக்கவேண்டாம்.

பிள்ளைக்கு உண்மையான விருப்பமா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பல்கனியில் இரண்டு இன நெல்லை முளைக்கவைத்து, பாதிக்குச் சாதாரண நீரும் பாதிக்கு லீற்றருக்கு 3 கிராம் உப்பு கரைத்த நீரும் விடச் சொல்லுங்கள். ஒரு மாதம் உயரம், இலை நிறம், வாடல் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதட்டும். நீங்கள் நினைவூட்ட வேண்டாம். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தெரிவுகளை வரிசைப்படுத்த வரும்போது, மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டோடு அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.