கிருபை இருக்கும்போது நம் பொறுப்பு எதற்கு?

தகுதி பாராமல் தேவன் இலவசமாகத் தரும் தயவுதான் கிருபை. பைபிளில் எபேசியர் 2:8 இரட்சிப்பை, அதாவது பாவத்திலிருந்து கிடைக்கும் மீட்பை, தேவனுடைய ஈவு (பரிசு) என்கிறது. இரண்டே வசனம் தள்ளி, நற்செயல்களுக்காகவே நாம் உருவாக்கப்பட்டோம் என்கிறது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ஈவு, பிறகு செயல்.

தத்தெடுக்கப்பட்ட பிள்ளை, வீட்டில் இடம் கிடைப்பதற்காகத் தட்டுக் கழுவுவதில்லை. இது தன் வீடு என்பதால் கழுவுகிறது. தட்டு கைதவறி உடைந்தாலும் பிள்ளை பிள்ளைதான். ஆனால் சில்லுகளைப் பொறுக்க அதுவும் குனிய வேண்டும். பைபிளில் வரும் வரி வசூலிப்போரின் தலைவன் சகேயுவைப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. இயேசு அவனைத் தேடி வந்த பிறகுதான், அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான்.

தேவன் மன்னித்துவிட்டால் நம்மால் பாதிக்கப்பட்டவரிடம் போக வேண்டியதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மத்தேயு 5:24 காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு சமாதானமாகச் சொல்கிறது.