பிங் போகிறது, ஆனால் ரோபோ பி.எல்.சி.யுடன் இணையவில்லை: 16#0127

வணக்கம். ஃபானுக் ரோபோவின் கன்ட்ரோலருக்கு பிங் (நெட்வொர்க்கில் எட்டுகிறதா என்ற சோதனை) போகிறது, காம்பாக்ட்லாஜிக்ஸ் பி.எல்.சி.யில் (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) ரோபோவுக்காகச் சேர்த்த மாட்யூல்மேல் மஞ்சள் முக்கோணம், கோட் 16#0127 என்கிறீர்கள். அப்படியானால் கேபிளையும் ஸ்விட்சையும் கழற்ற வேண்டாம். அங்கே கோளாறு என்றால் பெரும்பாலும் 16#0204தான் (பதில் வராமல் நேரம் முடிந்தது) வரும். 0127 என்றால் கோரிக்கை ரோபோவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது; அவுட்புட் அளவு ஒத்துவராததால் அது மறுக்கிறது.

ஜெனரிக் ஈதர்நெட் மாட்யூலைச் சேர்க்கும்போது காம் ஃபார்மட் (டேட்டாவை எந்த அலகில் எண்ணுவது என்ற அமைப்பு) தானாகவே டேட்டா-டின்ட் (ஒன்று 4 பைட்) என்று நிற்கும். அதில் 4 போட்டால் 16 பைட். ரோபோவின் இயல்பு அளவோ 4 வேர்ட், அதாவது 8 பைட். ஃபார்மட்டைப் பிறகு மாற்ற விடாது. மாட்யூலை அழித்து, டேட்டா-இன்ட் (ஒன்று 2 பைட்) கொடுத்துப் புதிதாகச் சேருங்கள். அசெம்ப்ளி எண்கள் (எந்த டேட்டாத் தொகுப்பு என்று காட்டுபவை): இன்புட் 101, அளவு 4, அவுட்புட் 151, அளவு 4, கான்ஃபிகரேஷன் 100, அளவு 0.

ரோபோ பக்கம் அளவை மாற்றியிருந்தால் அங்கே இணைப்பின் நிலை 'பெண்டிங்' என்று காட்டும். கன்ட்ரோலரை ஒருமுறை ஆஃப் செய்து போட்டால்தான் புது அளவு ஏறும். கடைசியில் 'ரன்னிங்' வர வேண்டும். 'ஆன்லைன்' என்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், பி.எல்.சி. இன்னும் இணையவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

ரன்னிங் வந்தும் பிட் அசையவில்லையா? ரோபோவின் சிக்னல் மேப்பிங்கில் ரேக் 89 (ஈதர்நெட்/ஐ.பி. இணைப்புக்கான எண்), ஸ்லாட் 1 இருக்கிறதா பாருங்கள். யு.ஐ. சிக்னல்களையும் (ரோபோவை வெளியிலிருந்து கட்டுப்படுத்தும் இன்புட்கள்) இதில் மேப் செய்தால் யு.ஐ. 1, 2, 3, 8 நான்கும் ஆனில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரோபோ நகராது. யு.ஐ. 1 (உடனடி நிறுத்தம்) வெறும் மென்பொருள் சிக்னல். அதை நம்பி எமர்ஜென்சி ஸ்டாப் வயரிங்கை விட்டுவிடாதீர்கள்.