நானோகுழாய்ப் படலம் செல்லுக்கு அடியிலா, மேலா?

கேள்வி: எம்.டெக் ப்ராஜெக்டுக்காகக் கண்ணாடியில் ஒளி புகும் மின்முனையாகக் கார்பன் நானோகுழாய்ப் படலம் போட்டு, அதன்மேல் பி-ஐ-என் வரிசையில் (பி வகை, கலப்பில்லாதது, என் வகை என மூன்று அடுக்குகள்) அமார்ஃபஸ் (படிக ஒழுங்கு இல்லாத) சிலிக்கான் சோலார் செல் செய்கிறேன். படலத்தின் ஷீட் ரெசிஸ்டன்ஸ் (படலத்தின் வழியே பக்கவாட்டில் ஓடும் மின்சாரத்துக்கான தடை) சதுரத்துக்கு 100 ஓம். 1 செ.மீ. சதுர செல்களில் பாதி ஷார்ட் ஆகின்றன. மீதியில் ஃபில் ஃபேக்டர் (உச்ச மின்னழுத்தத்தையும் உச்ச மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவதில் எத்தனை பங்கு திறனாகக் கிடைக்கிறது என்ற விகிதம்) மிகக் குறைவு. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் ஷார்ட். உங்கள் சிலிக்கான் மொத்தமே 300 நானோமீட்டர் அளவில்தான் இருக்கும். நானோகுழாய்களோ கயிறுபோலக் கட்டுக்கட்டாகச் சேர்ந்து கிடப்பவை. ஒரு கட்டின் நுனி நிமிர்ந்து நின்று மறுபக்க மின்முனையைத் தொட்டாலே செல் போய்விடும். படலத்தைச் சாய்த்து விளக்கொளியில் பாருங்கள். மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தால் குழாய்கள் சரியாகப் பிரியவில்லை. குழாய்களைச் சோப்பு நீரில் பிரித்த கரைசலை இன்னும் சென்ட்ரிஃப்யூஜ் செய்ய (வேகமாகச் சுழற்றிக் கட்டுகளை அடியில் படியவிட) வேண்டும். போதாததற்கு, சிலிக்கான் படியும்போது வரும் ஹைட்ரஜன் பிளாஸ்மாவும் (மின்னேற்றம் பெற்ற வாயு) குழாய்களைத் தாக்கி மின்தடையைக் கூட்டிவிடும்.

அதனால் வரிசையைத் திருப்புங்கள் என்பேன். அடியில் வெள்ளி, துத்தநாக ஆக்ஸைடு, பிறகு என்-ஐ-பி, கடைசியில்தான் நானோகுழாய். பிளாஸ்மா தொல்லை இல்லை, துளைக்கும் பயமும் வெகுவாகக் குறையும். காற்றில் இருக்கும் நானோகுழாய் இயல்பாகவே பி வகை, ஆகவே பி அடுக்கோடு நன்றாகப் பொருந்தும். செல்லுலோஸ் எஸ்டர் வடிதாளில் வடிகட்டிய படலத்தை ஈரத்தோடு அழுத்தி ஒட்டி, தாளை அசிட்டோனில் கரைத்துவிடலாம். ஒட்டும் முன் நன்றாகக் கழுவுங்கள். கழுவிய நீரைக் குலுக்கினால் நுரை நிற்கக் கூடாது. மிஞ்சிய சோப்பு நடுவில் உட்கார்ந்து மின்சாரத்தைத் தடுக்கும்.

அடுத்து ஃபில் ஃபேக்டர். ஒரு ச.செ.மீ.க்கு 12 மில்லி ஆம்பியர், 0.65 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் 1 செ.மீ. தூரம் படலத்திலேயே ஓடினால், எளிய கணக்கில் பாதிக்கும் மேல் திறன் வீண். 3 மி.மீ. என்றால் சுமார் 5.5 சதவீதம்தான், ஏனென்றால் இழப்பு தூரத்தின் வர்க்கத்தில் ஏறும். படலத்தின் எந்த இடத்திலிருந்தும் 3 மி.மீ.க்குள் ஒரு மெல்லிய வெள்ளிக் கோடு இருக்கட்டும். படலத்தைத் தடிமனாக்கி மின்தடையைக் குறைக்கப் போனால் வெளிச்சம் போய்விடும்.

நைட்ரிக் அமிலம் மின்தடையை இறக்கும், உண்மைதான். ஆனால் செல்லை அதில் முக்காதீர்கள். வெள்ளியும் துத்தநாக ஆக்ஸைடும் கரைந்துவிடும். ஃப்யூம் ஹூடுக்குள், ஓரங்களை மூடிவிட்டு, ஆவியில் கொஞ்ச நேரம் காட்டினால் போதும். அப்புறம், அமிலம் தந்த பலன் நாளாக நாளாகக் குறையும். அன்றே எடுத்த அளவோடு ஒரு வாரம் கழித்து எடுத்த அளவையும் அறிக்கையில் சேர்த்து எழுதுங்கள்.