சியா விதை சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் வயது 36. சில ஆண்டுகளாக ஐ.பி.எஸ். (Irritable Bowel Syndrome எனும் குடல் கோளாறு) தொல்லை இருக்கிறது, பெரும்பாலும் மலச்சிக்கல்தான். நார்ச்சத்து நல்லது என்று தினமும் காலையில் இரண்டு மேசைக்கரண்டி சியா விதை சாப்பிட ஆரம்பித்தேன். ஒரு வாரத்துக்குள் வயிறு கல் மாதிரி உப்பிக்கொண்டது. விதைகள் குடலில் போய்ச் சிக்கிக்கொள்ளும் என்று வேறு பயமுறுத்துகிறார்கள். க்ரோன் நோய் (குடலில் நாள்பட்ட அழற்சி) உள்ள என் அண்ணனும் சாப்பிடலாமா என்று கேட்கிறார்.

பதில்: விதையைக் குறை சொல்வதற்கு முன் அளவைப் பாருங்கள். இரண்டு மேசைக்கரண்டி சியா என்றால் ஏறக்குறைய 10 கிராம் நார்ச்சத்து. பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் தேவை 25 முதல் 30 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கை, பழக்கமில்லாத வயிற்றுக்கு ஒரே வேளையில் கொடுத்திருக்கிறீர்கள். எந்தக் கோளாறும் இல்லாதவர்களுக்கே இது கொஞ்சம் அதிகம்தான்.

ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நாரின் ஒரு பகுதியைப் பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது வாயு உண்டாகிறது. மற்றவர்கள் கண்டுகொள்ளாத அளவு வாயுகூட உங்களுக்கு உப்புசமாகவும் வலியாகவும் தெரியும். குடல் நரம்புகள் அவ்வளவு கூர்மையாக இருப்பதுதான் காரணம். இது மனப்பிரமை இல்லை, அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போதைக்கு சியாவை நிறுத்திவிடுங்கள். வயிறு பழைய நிலைக்கு வந்ததும் ஒரு தேக்கரண்டியில் தொடங்கிப் பாருங்கள். அதைத் தண்ணீரில் அரை மணி நேரமாவது ஊறவைத்து, கொழகொழவென்று ஆன பிறகே சாப்பிட வேண்டும். சியா தன் எடையைப் போல் பத்து மடங்குக்கு மேல் தண்ணீரை உறிஞ்சும். உலர்ந்த விதையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்த ஒருவருக்கு, அது உணவுக்குழாயிலேயே ஊதி அடைத்துக்கொண்டு, எண்டோஸ்கோபி மூலம் அகற்ற வேண்டியதாயிற்று. 2014-இல் அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர்களின் மாநாட்டில் இதை விவரித்தார்கள். விழுங்குவதில் ஏற்கெனவே சிரமம் உள்ளவர்கள் ஊறவைத்தும்கூடத் தாங்களாக முயல வேண்டாம்.

ஒரு தேக்கரண்டி ஒத்துக்கொண்டால் ஒரு வாரம் கழித்து இன்னொன்று கூட்டலாம். ஒத்துக்கொள்ளவில்லையா, விட்டுவிடுங்கள். சியா சாப்பிட்டே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பொடித்த ஆளி விதையை முயன்று பார்க்கலாம், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். முழுதாக விழுங்கினால் பாதி விதை அப்படியே வெளியே வந்துவிடும். உண்மையில், உங்களைப் போன்றவர்களுக்கு நான் முதலில் சொல்வது இசப்கோல் உமியைத்தான். அது கரையும் வகை நார், மெதுவாகவே நொதிக்கும், அதனால் வாயுவும் குறைவு. கோதுமைத் தவிடு பக்கம் மட்டும் போகாதீர்கள், பலருக்கு அது உப்புசத்தைக் கூட்டிவிடுகிறது. எதைச் சாப்பிட்டாலும் தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மலச்சிக்கல் கூடும். தைராய்டு மாத்திரை போன்றவை எடுத்துக்கொண்டால் இவற்றோடு சேர்க்காமல் சில மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

சரி, சிக்கிக்கொள்ளும் பயம். பெருங்குடல் சுவரில் சிறு பைகள் உண்டாகும் டைவர்டிகுலோசிஸ் உள்ளவர்களுக்கு, விதைகளும் கொட்டைகளும் கூடாது என்று மருத்துவர்களே பல காலம் சொல்லிவந்தோம். 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 18 ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2008-இல் வெளியானது. கொட்டையும் பாப்கார்னும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பைகளில் அழற்சி கூடவில்லை. அதன் பிறகு அந்தத் தடையும் மெல்ல மறைந்துவிட்டது. உங்கள் ஐ.பி.எஸ்.ஸில் குடல் குறுகுவதே கிடையாது, ஆகவே இந்தப் பயம் உங்களுக்குத் தேவையில்லை. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் ஐ.பி.எஸ். என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் அண்ணன் விஷயம் வேறு. க்ரோன் நோயில் அழற்சி ஆறும் இடத்தில் தழும்பு உண்டாகிக் குடல் குறுகிவிடலாம். அந்தக் குறுகிய இடத்தில் விதைகளும் முரட்டு நாரும் உண்மையாகவே அடைத்துக்கொள்ளும். அவருக்கு அப்படிக் குறுகல் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்த மருத்துவரிடம் முதலில் கேட்கட்டும். இருந்தால் சியாவும் வேண்டாம், ஆளியும் வேண்டாம். குறுகல் இல்லை, நோயும் அடங்கியிருக்கிறது என்றால், ஊறவைத்ததைச் சிறிதளவு சாப்பிட்டுப் பார்க்கலாம். நோய் தீவிரமாக இருக்கும் நாட்களில் எதுவும் வேண்டாம். சாப்பிட்ட பிறகு விட்டுவிட்டுப் பிசையும் வலியும் வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் காலை வரை பொறுத்திருக்கக் கூடாது. உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.