ஊர்ப் பண்டிகையில் திரை கட்டி ‘ஏ’ படம் போடலாமா?

போடக் கூடாது. மாரியம்மன் பண்டிகைக்குத் திடலில் திரை கட்டப்போகிறோம், பெற்றோர் உடன் இருந்தால் தவறில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த விஷயத்தில் பெற்றோரின் சம்மதம் செல்லாது. 1952ஆம் ஆண்டு திரைப்படச் சட்டப்படி ‘ஏ’ படம் 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும்தான். மீறினால் படம் காட்டியவர்மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம். திரையரங்கு, திடல் என்ற வேறுபாடு இதில் இல்லை.

காங்கேயம் பக்கம் ஒரு திரையரங்கு வாசலில் ஆறு ஆண்டுகள் டிக்கெட் கிழித்தவன் நான். ‘ஏ’ படம் ஓடிய ஒரு ஞாயிறு இரவு, தேங்காய்க் களத்தில் வேலை பார்க்கும் ஒருவர் எட்டு வயது மகளுடன் வந்தார். சட்டையில் நார்த் தும்பு ஒட்டியிருந்தது. அந்தப் பெண் புதுப் பாவாடை கட்டியிருந்தாள். உள்ளே விட முடியாது என்றேன். “ஏனுங்க தம்பி, நான் பெற்ற பிள்ளை. பார்க்கட்டும் என்று நானே சொல்கிறேன், அப்புறம் என்ன?” என்றார். கோபத்தைவிட அவமானம்தான் அவர் முகத்தில் அதிகம் தெரிந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். தவறு எங்களுடையது, டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் முதல் வெளிக்கதவருகே கரும்பலகையில் ‘ஏ’ என்று பெரிதாக எழுதி வைத்தேன். பஸ் ஏறி வந்தவர்கள் வாசல்வரை வந்து திரும்புவது கொடுமை.

எங்களுக்காவது நிறுத்திக் கேட்க ஒரு வாசல் இருந்தது. உங்கள் திடலில் அதுவும் கிடையாது. திரைக்கு முன்னால் முதலில் பாய் விரித்து இடம்பிடிப்பவர்களே பிள்ளைகள்தாம். அவர்களை எழுப்பி அனுப்ப உங்களுக்கு மனம் வருமா?

‘யு/ஏ’ படம் வேறு கணக்கு. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அது 7+, 13+, 16+ என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்த வயதுக் குறிப்பு பெற்றோருக்கான வழிகாட்டல், முடிவு அவர்களுடையது. ஆனால் ஊரே கூடும் இடத்தில் பாதிப் பிள்ளைகள் பெற்றோர் பக்கத்தில் உட்காருவதில்லை. அதனால் எல்லா வயதினரும் பார்க்கக்கூடிய ‘யு’ படமாகவே எடுங்கள்.

படத்தின் உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்குவது தனி வேலை, அதையும் விட்டுவிடாதீர்கள். பிரதி கைக்கு வந்ததும், தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழைப் பண்டிகைக்கு முந்தைய நாளே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.