பூநாரை வராத மாதங்களில் கோடியக்கரைக்குச் சென்றால் பார்ப்பதற்கு ஏதேனும் இருக்குமா?

தாராளமாக இருக்கும். பூநாரைகளும் பிற வலசைப் பறவைகளும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய மாதங்களில்தான் பெருமளவில் கூடுகின்றன என்பதால், கோடியக்கரை என்றாலே பறவைகள் என்ற எண்ணம் பலருக்கும் பதிந்துவிட்டது. ஆனால் 1967இல் இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது முதன்மையாக வெளிமான்களுக்காகத்தான். அவை ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்கின்றன.

வேதாரண்யத்தில் உறவினர்கள் இருப்பதால் நான் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் அங்கே சென்றிருக்கிறேன். புல்வெளியில் முதலில் கண்ணில் படுவது பழுப்பு நிறப் பெண்மான்களின் கூட்டம். முறுக்கிய கொம்புகளும் வயது ஏற ஏறக் கருமையேறும் முதுகும் கொண்ட ஆண் வெளிமான் சற்று விலகியே நிற்கும். காலை வெயில் ஏறுவதற்கு முன்போ மாலையிலோ சென்றால் மேயும் மான்களைப் பார்ப்பது எளிது.

புல்வெளியைக் கடந்ததும் வரும் காட்டைத்தான் பலர் வண்டியை நிறுத்தாமலே தாண்டிவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தமே. ஆண்டின் மழையில் பெரும்பகுதி ஓரிரு மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும் இந்தக் கடற்கரையில், தடித்த சிறிய இலைகளைக் கொண்ட பாலை, காசா மரங்கள் கடும் கோடையிலும் பச்சை மாறாமல் நிற்கின்றன. உலர் பசுமைமாறாக் காடு எனப்படும் இவ்வகைக் காடு சோழமண்டலக் கரையோரத்தில் இன்று பெரும்பாலும் கோயில் காடுகளாகச் சிறுசிறு துண்டுகளாகவே எஞ்சியிருக்க, கோடியக்கரையில்தான் ஓரளவு பெரிய பரப்பாகப் பார்க்க முடிகிறது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. புள்ளிமான், காட்டுப்பன்றி, நரி, குரங்கு ஆகியவையும் இங்கே உண்டு.

மட்டக்குதிரைகளைக் கண்டதும் பலர் மகிழ்ந்து படமெடுக்கிறார்கள். அவை காட்டு விலங்குகள் அல்ல. வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்து, கட்டுப்பாடின்றித் திரிபவை. வெளிமானுக்கான புல்லையும் நன்னீரையும் அவை பங்கு போட்டுக்கொள்கின்றன. அதைவிடப் பெரிய சிக்கல், புல்வெளிக்குள் பரவும் சீமைக்கருவேலம். திறந்த வெளியில் தொலைவிலேயே ஆபத்தைக் கண்டு பாய்ந்தோடிப் பிழைக்கும் விலங்குக்கு முட்புதர் மண்டிய நிலம் உதவாது.

கோடையில் குடிநீரைக் கையோடு கொண்டு செல்லுங்கள். குரங்குகளுக்குத் தீனி போட வேண்டாம். அனுமதி நேரம் மாறக்கூடும் என்பதால் புறப்படும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது.